பழைய செய்திக்கு வரும் புதிய வாசகர்

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், சென்னையின் எந்தச் செய்தித் தளத்திலும் விடிகாலை ஐந்தரை மணிக்கு ஒரே கேள்விதான். இன்று எந்தெந்த மாவட்டத்துக்கு லீவு? கலெக்டர்களின் சமூக ஊடகக் கணக்குகள், மாவட்ட பி.ஆர்.ஓ.க்கள் செய்தி போடும் வாட்ஸ்அப் குழுக்கள், ஊர் நிருபரின் போன் என்று மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஷிஃப்ட்டில் இருப்பவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவராக இருப்பார். விடிகாலை ஷிஃப்ட் இளையவர்கள் தலையில்தான் விழும்.

செங்கல்பட்டு வந்துவிட்டது, பள்ளிகளுக்கு மட்டும். திருவள்ளூர், பள்ளி கல்லூரி இரண்டும். காஞ்சிபுரம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு அறிவிப்பாகச் சேரச் சேர, அந்தப் பக்கத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை திரையின் ஓரத்தில் மடமடவென்று ஏறும். சாப்பாட்டு டப்பாவைக் கட்டுவதா வேண்டாமா, பிள்ளையை எழுப்புவதா தூங்கவிடுவதா என்று தெரியாமல் அடுப்படியில் போனும் கையுமாக நிற்கிறவர்கள் அவர்கள். ஒரு செய்திக்காக இத்தனை பேர் இத்தனை அவசரத்தோடு காத்திருப்பதை அந்த இளையவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

டிஜிட்டல் ஊடகத்தின் முதல் பாடம் பலருக்கும் அப்படி ஒரு காலையில்தான் கிடைக்கிறது. சீனியர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். இவர்களுடைய தளத்தின் பெயரோடு, "நாளை 5 மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று தலைப்பு. குடும்பக் குழுக்களில் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த நிமிடம் போன் வரும்.

"என்னம்மா இது, நாளைக்கு லீவுன்னு யார் போட்டது?"

"நாம இப்போ போடலை சார். அது போன வருஷம் நவம்பர்ல வந்தது."

"போன வருஷத்துதுன்னு படிக்கிறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

தெரியாதுதான். தலைப்பில் தேதி இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கைப் போட்டால் தலைப்பும் படமும்தான் முன்னால் நிற்கும். வெளியான தேதியைப் பார்க்க உள்ளே போக வேண்டும், அவசரத்தில் யாரும் உள்ளே போவதில்லை. அச்சில் 'நாளை' என்ற சொல்லுக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் அந்தத் தாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். இணையத்தில் போன வருடத்து 'நாளை' இந்த வருடமும் 'நாளை'யாகவே நிற்கிறது. அதற்குப் பிறகு அந்த இளையவர் எழுதும் விடுமுறைத் தலைப்புகள் எல்லாம் "நவம்பர் 12, செவ்வாய்" என்று தேதியும் கிழமையுமாகத் தொடங்கும். யாரும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்காது.

பத்திரிகையில் பழகியவர்களுக்கு ஒரு செய்தி எப்போது முடிகிறது என்று தெரியும். பக்கத்தை முடித்து, பிளேட் போட்டு, கட்டுகள் வண்டி ஏறிவிட்டால் தீர்ந்தது. டிஜிட்டல் டெஸ்கில் சேருகிறவர் எழுதும் எதற்கும் அப்படி ஒரு முடிவு நேரம் கிடையாது. வெளியான முதல் மணி நேரத்தில் ஒரு கூட்டம் படிக்கும். ஆறு மாதம் கழித்துக் கூகுளில் தேடிக்கொண்டு வேறொரு கூட்டம் வரும். மூன்று வருடம் கழித்து ஏதோ ஒரு சண்டையில் "இதோ பாருங்கள் ஆதாரம்" என்று யாரோ அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்தத் தொழிலின் ஆரம்ப வருடங்களில் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி, இந்தப் பிற்கால வாசகர்களை நினைத்துக்கொண்டே முதல் மணி நேரத்தில் வேலை செய்யப் பழகுவதுதான். முதல் மணி நேரத்தின் வேகம் அதற்கு எப்போதும் எதிராக நிற்கும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இந்த வேலையின் கனம் ஊருக்கே தெரிந்தது. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியவில்லை. அதன் நெடிய வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை என்று அப்போது சொல்லப்பட்டது. 1995இலேயே இணையத்தில் கால்வைத்த நாளிதழ் அது. அன்றைக்குச் சென்னை வாசகர்களுக்கு அந்த இணையப் பக்கம்தான் பேப்பர். அச்சுக்குத் துணையாக ஓரத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு வேலை, ஒரே இரவில் முழுப் பொறுப்பையும் சுமக்க வேண்டிவந்தது.

அதே நாட்களில் தன்னார்வலர்கள் ட்விட்டரிலும் பகிர்வு ஷீட்டுகளிலும் உதவி கேட்போர் பட்டியலைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தெரு, இந்த மாடி, இத்தனை பேர், ஒரு கர்ப்பிணி, போனில் சார்ஜ் தீரப்போகிறது. அங்கும் வந்து மோதியது விடுமுறைச் செய்தியில் பார்த்த அதே சிக்கல்தான். மீட்கப்பட்டவர்களின் கோரிக்கை மணிக்கணக்கில் பகிரப்பட்டுக்கொண்டே இருந்தது. படகு போய்ப் பார்த்தால் வீடு காலி, இன்னொரு தெருவில் ஆள் காத்துக்கொண்டிருப்பார். நேரத்தைப் போடுங்கள், உதவி கிடைத்துவிட்டால் பதிவை நீக்குங்கள் என்று தன்னார்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள். "மாலை 4.20 நிலவரப்படி" என்று ஒரு வரி சேர்ப்பதற்குள் இருக்கும் அக்கறையை அந்த வாரம் கற்றுக்கொண்டவர்கள் இன்றும் அதை விடுவதில்லை.

ஒரு வருடம் கழித்து இன்னொரு டிசம்பர்.

2016 செப்டம்பர் 22ஆம் தேதி அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த முதல்வர் ஜெயலலிதாவுக்கு டிசம்பர் 4ஆம் தேதி மாலை இதயத் துடிப்பு நின்றது. மறுநாள், 5ஆம் தேதி மாலை ஐந்தரை மணியை ஒட்டி, சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. தளங்கள் பின்தொடர்ந்தன. ராயப்பேட்டையில் உள்ள அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிறிது நேரத்தில் மருத்துவமனையிலிருந்து மறுப்பு வந்தது, உயிர்காக்கும் கருவிகளின் உதவியோடு சிகிச்சை தொடர்கிறது என்று. இறங்கிய கொடி மீண்டும் மேலே ஏறியது. அவர் இரவு 11.30 மணிக்குக் காலமானார் என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவைத் தாண்டித்தான் வந்தது.

அந்த மாலையில் டிஜிட்டல் டெஸ்குகளில் இருந்த இளையவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். டிவியில் சிவப்புப் பட்டை ஓடுகிறது. போட்டித் தளத்தின் நோட்டிஃபிகேஷன் அடித்துவிட்டது. "நாம இன்னும் போடலையா?" என்று நாலு பக்கமும் குரல். இரங்கல் கட்டுரை பல நாட்களாகத் தயாராக இருக்கிறது, பிறப்பு முதல் அரசியல் வரை, படத்தொகுப்போடு. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பதற்கு, அந்த வயதில், அந்தச் சத்தத்துக்கு நடுவில், எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

போட்டவர்கள் பின்னர் நீக்கினார்கள். ஆனால் போனுக்குப் போய்ச் சேர்ந்த நோட்டிஃபிகேஷனைத் திரும்ப அழைக்க வழி இல்லை. பார்த்தவர் பார்த்ததுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரிடம் அது நிரந்தரமாக இருக்கும். தளத்தில் அழித்துவிட்டாலும் தேடுபொறியின் முடிவுகளில் பழைய தலைப்பு சில மணி நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். பிற்பாடு அந்த மரணத்தைச் சுற்றி எழுந்த சந்தேகங்களில் "மாலையே சொல்லிவிட்டார்களே" என்ற பேச்சும் கலந்தது. இரண்டு மணி நேரம்கூட நிற்காத ஒரு செய்தி ஒரு மாநிலத்தின் நினைவில் பல வருடம் தங்கிவிட்டது.

தயாராக வைத்திருக்கும் இரங்கல் கட்டுரை தானாகவே வெளியே வந்துவிடுவதும் உண்டு. 2008 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஸ்டீவ் ஜாப்ஸுக்காக எழுதிவைத்திருந்த நீண்ட இரங்கல் கட்டுரை தவறுதலாக வெளியாகிவிட்டது. அவர் அதன் பிறகு மூன்று வருடங்கள் வாழ்ந்தார். இந்தக் கதையைக் கேட்ட பிறகு டெஸ்கில் சிலர் ஒரு வழக்கம் வைத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டி எழுதுவதைத் தளத்தின் பதிவேற்ற மென்பொருளான சிஎம்எஸ்ஸில் ஏற்றாமல், வெளியே தனி ஆவணமாக வைப்பது. கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

வேகத்துக்கு அடுத்தபடியாகப் புதியவர்களை ஆட்டிவைப்பது தலைப்பு. இந்த வித்தையின் பெரிய பள்ளிக்கூடம் 2012 மார்ச்சில் அமெரிக்காவில் தொடங்கிய அப்வொர்த்தி என்ற தளம். ஒரு பதிவுக்கு 25 தலைப்புகள் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. பத்து எழுதியதும் சரக்கு தீர்ந்துவிடும், அதன் பிறகு வருவதில்தான் புதிதாக ஒன்று கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. பயிற்சி என்ற அளவில் இதைக் குறை சொல்ல முடியாது. ஒரே செய்திக்குப் பத்துத் தலைப்பு எழுதிப் பார்க்காதவர்கள் நல்ல தலைப்புக்காரர்களாக வருவது கடினம். ஆனால் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது பயிற்சி இல்லை, விஷயத்தை மறைத்து ஆவலைத் தூண்டும் அந்த அச்சு மட்டும்தான். 2014 ஆகஸ்டில், இப்படிப்பட்ட தலைப்புகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக்கே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

தமிழில் அது எடுத்த வடிவம் எல்லோருக்கும் தெரியும். "யார் தெரியுமா?", "காரணம் இதுதான்!", "நடந்தது என்ன?" அப்படித் தலைப்பு வைத்தால் எண்ணிக்கை ஏறும் என்பது உண்மை. முதல் மாதத்தில் அந்த ஏற்றம் போதையாகவே இருக்கும். வினை, படித்துவிட்டு வெளியே போகும் வாசகரிடம் இருக்கிறது. நடிகரின் பெயரை மூன்றாவது பத்தி வரை ஒளித்துவைத்த தளத்தை, வெள்ளம் வந்த இரவில் அவர் நம்புவாரா? ஏமாந்த இடத்தை மனிதர்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை, நம் தெருவின் மளிகைக்கடைக்காரரே சொல்வார்.

தமிழுக்கென்றே தனியாக ஒரு தலைப்புச் சிக்கல் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'இல்லை'யும் கடைசியில்தான் வரும். போனின் நோட்டிஃபிகேஷன் பட்டையில் இடம் குறைவு. தமிழ்ச் சொற்களோ நீளம். "கனமழை காரணமாக நாளை நடைபெறவிருந்த அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிவைப்பு இல்லை" என்று எழுதி அனுப்பினால், பல போன்களில் "தள்ளிவைப்பு" என்ற இடத்தோடு வரி வெட்டுப்பட்டு மூன்று புள்ளி நிற்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். ஆங்கிலத்தில் இதே செய்தியில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடும் என்பதால் அங்கே இந்த ஆபத்து குறைவு. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறார்கள்: "தேர்வு உண்டு: மழையிலும் அரையாண்டுத் தேர்வு நடக்கும்." முதல் இரண்டு சொல்லில் விஷயம் முடிந்துவிடுகிறது, மீதி வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை.

இப்படி ஒரு வெட்டு விழுகிறது என்பதே அலுவலகத்தின் பெரிய மானிட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வாசகர்களோ போனில் இருக்கிறார்கள். கேபிஎம்ஜியும் கூகுளும் 2017 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இந்திய மொழிகளில் இணையம் பயன்படுத்துவோரை 23.4 கோடி என்றும் ஆங்கிலத்தில் பயன்படுத்துவோரை 17.5 கோடி என்றும் கணக்கிட்டது. இணையப் பயன்பாட்டு விகிதத்தில் தமிழுக்கு அதில் முதலிடம், 42 சதவீதம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கம்ப்யூட்டரே பழக்கமில்லை, நேராகப் போனுக்கு வந்தவர்கள். கீறல் விழுந்த கண்ணாடி, நிரம்பி வழியும் மெமரி, பேருந்தில் அறுந்து அறுந்து வரும் சிக்னல். அந்தப் போனில் தன் பக்கத்தைத் திறந்து பார்த்த சப்-எடிட்டர் முதல் முறை அதிர்ந்துபோவார். தலைப்புக்குக் கீழே விளம்பரம், விளம்பரத்துக்குக் கீழே வீடியோ, அவர் பாடுபட்டு எழுதிய முதல் வரி மூன்று தள்ளலுக்கு அப்பால். டெஸ்கில் ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போனை வாங்கிவைத்து எல்லாப் பெரிய கட்டுரையையும் அதில் ஒரு முறை பார்ப்பது என்ற வழக்கம் எல்லா இடத்திலும் வர வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் இளையவர்கள் அதிகம் காயப்படுவது இங்கேதான்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்குத் திரை ஒன்றைக் காட்டிவிடுகிறார்கள். இப்போது எத்தனை பேர், எந்தப் பக்கத்தில், எங்கிருந்து. மூன்று நாள் அலைந்து எழுதிய குடிநீர்ப் பிரச்சினைக் கட்டுரையில் நாற்பது பேர் இருப்பார்கள். பத்து நிமிடத்தில் தட்டிய ராசிபலனில் நாலாயிரம் பேர். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிற இருபத்திரண்டு வயதுக்காரர் தன் மதிப்பையே அதை வைத்து எடைபோட ஆரம்பித்துவிடுவார். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, யார் கையில் இருக்கின்றன என்பதை யாராவது உட்காரவைத்துச் சொன்னால் பாதிக் காயம் ஆறும்.

ஃபேஸ்புக்கின் வீடியோ கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அந்த நிறுவனம் காட்டிய கணக்கு இரண்டு வருடமாக ஊதிப்போயிருந்தது என்று 2016 செப்டம்பரில் வெளிவந்தது. நடந்தது எளிமையானது. பத்துப் பேருக்கு முன்னால் ஒரு வீடியோ ஓடுகிறது. ஏழு பேர் மூன்று வினாடிக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். சராசரி எடுக்கும்போது அந்த ஏழு பேரை விட்டுவிட்டு, நின்று பார்த்த மூன்று பேரால் மட்டும் வகுத்தால் சராசரி எகிறும். 60 முதல் 80 சதவீதம் வரை மிகையாகக் காட்டியிருக்கலாம் என்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கை 2019இல் 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதற்குள் அமெரிக்காவில் எத்தனையோ தளங்கள், மக்கள் எழுத்தைக் கைவிட்டு வீடியோவுக்குப் போய்விட்டார்கள் என்று நம்பி, எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கேமராக்காரர்களை எடுத்திருந்தன. இளைஞர்களின் தளம் என்று பெயரெடுத்த 'மிக்' 2017இல் அப்படித் திரும்பியது. 2018 நவம்பரில் பெரும்பாலான ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு ஜனவரியில் மார்க் ஜக்கர்பெர்க், நண்பர்கள் குடும்பத்தாரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்திருந்தார். நியூஸ் ஃபீடில் செய்திகளின் பங்கு 5 சதவீதத்திலிருந்து சுமார் 4 சதவீதமாகக் குறையும் என்றார். கேட்கச் சின்ன மாற்றமாகத் தெரியும். வாசகர்களில் பாதிப் பேர் அந்த ஒரே வாசல் வழியாக வந்துகொண்டிருந்த தளத்துக்கு அது சின்ன மாற்றம் இல்லை. கட்டுரைகள் ஃபேஸ்புக்குக்குள்ளேயே சட்டென்று திறக்கும்படி 2015 மே மாதம் வந்த இன்ஸ்டன்ட் ஆர்ட்டிக்கிள்ஸ் வசதியும் 2023 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில்தான், இரண்டு வருடத்துக்கு முன்பு புலிட்சர் பரிசு வாங்கிய பஸ்ஃபீட் நியூஸும் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது.

நம் பக்கத்தில் இப்படி ஒரு வாசல் அடைபட்டது 2020 ஜூன் 29ஆம் தேதி இரவு. டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. வயல் வரப்பில் நின்று பேசியவர்கள், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து நடித்தவர்கள், லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், ஒரே ராத்திரியில் கணக்கைத் திறக்க முடியாமல் போனார்கள். அதற்குள் யூடியூபிலும் ஒரு கால் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். அவர்கள் செய்த வேலையில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பதுதான் வலி.

பணமும் இதே கதைதான். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு பதினைந்து வருடமாகத் தமிழில் வலைப்பதிவு எழுதிக் குவித்தவர்களுக்கு அந்த வழியில் முறையான வருமானம் கிடையாது. சம்பளம் இல்லாமல் எழுதிய அந்தத் தலைமுறைதான் இன்று டெஸ்கில் இருப்பவர்கள் பயன்படுத்தும் பாதிச் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

சில தவறுகளுக்கு எண்ணிக்கையோடு சம்பந்தமே இல்லை. 2018இல் ஜம்மு காஷ்மீரின் கத்துவாவில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்டதற்காக, டெல்லி உயர் நீதிமன்றம் 12 ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228-ஏ பிரிவு சொன்னது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு சொல்கிறது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு இருக்கிறது. எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்று உண்டு. கட்டுரையிலிருந்து பெயரை எடுத்துவிட்டாலும், பக்கத்தின் முகவரியில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். படக் கோப்பின் பெயரில் இருக்கும். டேக் பட்டியலில் இருக்கும், அந்த டேக்குக்கென்று தளம் தானாக ஒரு பக்கத்தையே உருவாக்கி வைத்திருக்கும். ஒரு பெயரை முழுமையாக நீக்க ஐந்து இடத்தில் பார்க்க வேண்டும். தெரியாத புதியவர் ஓரிடத்தில் நீக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரின் எஃப்ஐஆர், பெயரும் விவரங்களுமாக வெளியே வந்து போனுக்குப் போன் தாவியது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிடிஎஃப் ஒன்று டெஸ்க் குழுவில் வந்து விழும்போது அதைத் திறப்பதற்கும் முன்னால் ஒரு கணம் நிற்கக் கற்றுக்கொள்வது பெரிய விஷயம். அது யாரோ ஒருவரின் வாழ்க்கை. அவர் தன் பெயரை இன்னும் அறுபது வருடம் சுமக்க வேண்டியவர்.

நீங்கக் கூடாதது நீங்கிப்போவது இன்னொரு பக்கம். தமிழ் இணையத்தின் முதல் பத்து வருடங்களில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று வைத்திருந்தது. எழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவருக்குத் திரையில் தெரிவது வெறும் கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையை ஒழுங்குசெய்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்குள் எழுதிக் குவித்தவற்றில் நிறைய, மாற்றப்படாமலே சர்வரோடு போய்விட்டது. இன்று ஐம்பது வயதில் இருக்கும் பல பத்திரிகையாளர்களின் முதல் இணையக் கட்டுரை அவர்களிடமே இல்லை.

யூனிகோடு வந்த பிறகும் பக்கங்கள் மறைவது நிற்கவில்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று முகவரி அமைப்பை மாற்றுவார்கள், பழைய லிங்க்குகள் எல்லாம் அறுந்துபோகும். நிறுவனம் கைமாறும், சர்வர் கட்டணம் கட்ட ஆள் இருக்காது. சில சமயம் வெளியிலிருந்து அடைப்பு வரும். நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த விகடனின் தளம், ஒரு கேலிச்சித்திரத்தைக் காரணம் காட்டி 2025 பிப்ரவரியில் முடக்கப்பட்டது. மார்ச் முதல் வாரத்தில், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக அந்தத் தளத்தின் பக்கங்கள் அத்தனையும் வாரக்கணக்கில் எட்டாமல் போயின.

வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் அன்றுதான் இது பலருக்கு உறைக்கிறது. இரண்டு வருடம் உழைத்த இடத்தில் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்களில் சிறந்த பத்தைத் தேடினால், நான்கு திறக்காது, மூன்றில் பெயர் இருந்த இடத்தில் 'வெப் டெஸ்க்' என்று இருக்கும். விவரம் தெரிந்த அண்ணனோ அக்காவோ டெஸ்கில் இருந்தால் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: பைலைன் வந்த அன்றே பிடிஎஃப் எடுத்து வை, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும், 2001இலிருந்து இயங்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதி ஏற்றிவிடு. பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பழைய இதழ்களையும் ஏற்றிவரும் நூலகம் தளமும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் கையால் வளர்ந்தவை. யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சேமித்ததால்தான் அவை இருக்கின்றன.

ஜனவரி பிறந்து மழை ஓய்ந்த பிறகு டெஸ்கில் ஒரு மந்தமான பிற்பகல் வரும். அந்த விடிகாலை ஷிஃப்ட்காரர் சிஎம்எஸ்ஸைத் திறந்து, போன பருவத்தின் விடுமுறைச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறார். யாரும் கொடுத்த வேலை இல்லை, இதற்குத் திரையில் எந்த எண்ணும் ஏறப்போவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி சேர்க்கிறார்: இது 2024 நவம்பர் 12ஆம் தேதிக்கான அறிவிப்பு. சேமிக்கிறார். போனில் திறந்து பார்க்கிறார். அடுத்ததை எடுக்கிறார்.